சின்ன டியூபில் என்ன இருக்கிறது?

மத்திய சுகாதார அமைச்சகத்தில் அழகுசாதனப் பொருள்களுக்கு விதி எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் சிறிய பேன்சி ஸ்டோர் நடத்துகிறவள். வளையல், பொட்டு, ஹேர்பின், பவுடர், சோப்பு, பேஸ் வாஷ் என்று பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் அடங்குவதையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு நாகர்கோவிலில் வேதியியல் பட்டம் படித்தேன். கடைக் கணக்குக்கு அந்தப் படிப்பு ஒரு நாளும் உதவியதில்லை. டியூபின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க மட்டும் உதவுகிறது. அதற்காகவே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, கைரேகை பார்ப்பேன் என்று நினைத்து உள்ளங்கையை நீட்டியவர்களும் உண்டு.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு துண்டுச் சீட்டு.

எங்கள் பக்கம் முந்திரி ஆலைகள் நிறைய. நாங்கள் அவற்றை அண்டி ஆபீஸ் என்போம். அங்கே தோடு உடைக்கும் பெண் ஒருத்தி சனிக்கிழமை கூலி கையில் வந்ததும் என் கடைக்கு வருவாள். முந்திரித் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருக்கும். கைக்கு எதுவும் வாங்க மாட்டாள், முகத்துக்கு மட்டும் 15 கிராம் பேஸ் வாஷ் டியூப் ஒன்று. போன வருடம் அவளுடைய கன்னமும் கண்ணிமையும் சிவந்து, செதில் செதிலாக உரியத் தொடங்கின. முந்திரி எண்ணெய் பட்ட கையால் முகத்தைத் தொட்டிருப்பாய் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை அதே டியூபை எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியில் அவள் திருவனந்தபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, அவர் அவளுடைய முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் நனையவும் கூடாது, வேர்க்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அண்டி ஆபீசில் வேர்க்காமல் வேலை செய்ய முடியாது. ஆகையால் அந்த வாரக் கூலியில் பாதி போயிற்று. பிறகு ஒட்டுகளைப் பிரித்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் ஆங்கிலத்தில் இரண்டே வரி. முதல் வரியில் மெத்தில்ஐசோதயசோலினோன், அதாவது சரக்கு கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஓர் இரசாயனம். இரண்டாம் வரியில் வாசனைப் பொருள்கள். இவை உள்ள எதையும் முகத்தில் போடக் கூடாது.

அந்தச் சீட்டை என் கல்லாவின் மேல் விரித்து வைத்து, “அக்கா, இது இல்லாத டியூப் ஒன்று எடுத்துத் தாருங்கள்” என்றாள்.

எவ்வளவு சாதாரணமான கேள்வி! அவள் வழக்கமாக வாங்கும் டியூபை எடுத்து பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. விலாசம், உரிம எண், தொகுதி எண், காலாவதி மாதம், விலை எல்லாம் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் இல்லை. அட்டையைத் திருப்பினேன், டியூபின் மடிப்பை நிமிர்த்தினேன், தொங்கவிட்டிருந்த மற்ற சின்ன டியூப்களையும் சாஷே பாக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாக இறக்கினேன். ஏழு வகையில் இரண்டில்தான் உட்பொருள் பட்டியல் இருந்தது. அந்த இரண்டிலும் ‘பெர்ஃப்யூம்’ இருந்ததால் அவளுக்கு ஆகாது. மீதி ஐந்தும் வாயைத் திறக்கவில்லை.

நிறுவனங்கள் ஏமாற்றுகின்றன என்றுதான் முதலில் கோபப்பட்டேன். யாரிடம் புகார் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளப் போய் விதியைப் படித்தேன். படித்த பிறகுதான் புரிந்தது, அவர்கள் ஏமாற்றவில்லை. நீங்கள் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

2020 டிசம்பரில் நீங்கள் வெளியிட்ட அழகுசாதனப் பொருள்கள் விதிகளைச் சொல்கிறேன். 1 சதவீதத்துக்கு மேல் உள்ள உட்பொருள்களை அளவில் அதிகமானது முதலில் வரும்படி இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவற்றை அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம் என்கிறது விதி. நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன். அதன் வாலில்தான் சிக்கல். திரவமானால் 60 மில்லிக்கும், திடமோ அரைத்திடமோ ஆனால் 30 கிராமுக்கும் குறைவான பொதிகளில் இந்தப் பட்டியல் தேவையில்லை! இதற்கு முன் அமலில் இருந்த 1945ஆம் ஆண்டு விதிகளிலும் இதே விலக்கு இருந்தது. புது வீட்டுக்குக் குடிபோகும்போது பழைய வீட்டு ஓட்டை வாளியையும் தூக்கிக்கொண்டு போவதுபோல அதையும் எடுத்து வந்துவிட்டீர்கள்.

ஒரு சந்தேகம். பேஸ் வாஷ் பெரும்பாலும் ஜெல். ஜெல் திரவமா, அரைத்திடமா? என் கடையில் சில டியூபில் மில்லி என்று போட்டிருக்கிறது, சிலவற்றில் கிராம் என்று. இரண்டையும் பிதுக்கினால் ஒரே மாதிரிதான் வருகிறது. 50 கிராம் என்று அச்சிட்டால் பட்டியல் வேண்டும், 50 மில்லி என்று அச்சிட்டால் வேண்டாம் என்று ஒரு நிறுவனம் வாதாடினால் உங்கள் ஆய்வாளர் என்ன சொல்வார்? கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

சின்னப் பொதியில் இடம் இல்லை என்பது உங்கள் நியாயமாக இருக்கலாம். அதையும் அளந்து பார்த்தேன். அவள் வாங்கும் 15 கிராம் டியூபின் முன்பக்கத்தில் ஒரு எலுமிச்சைப் பழம், இரண்டு வேப்பிலை, ஒரு பெண்ணின் முகம், அந்த முகத்தின் மேல் மூன்று நட்சத்திரம். பின்பக்கத்தில் பாதியை எப்படிக் கழுவ வேண்டும் என்ற படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. முகம் கழுவத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. அந்த இடத்தில் பட்டியலை எழுதலாம்.

சின்னப் பொதியை வாங்குவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பயணம் போகிறவர்கள் வாங்குவார்கள், அது கொஞ்சம்தான். என் கடையில் அதை வாங்குகிறவர்கள் அண்டி ஆபீஸ் பெண்கள், குளச்சலிலிருந்து மீன் கூடையோடு வருகிறவர்கள், ரப்பர் பால் வெட்டப் போகும் வீட்டுப் பெண்கள், கைச்செலவுக் காசைச் சேர்த்து வைத்து வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 100 கிராம் டியூபுக்கு 165 ரூபாய் ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர்கள் 15 கிராமை 30 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். கணக்குப் போட்டால் கிராமுக்கு 2 ரூபாய் ஆகிறது, பெரிய டியூபில் 1 ரூபாய் 65 காசு. கூடுதல் விலை கொடுப்பவளுக்குக் குறைந்த தகவல். வெயிலிலும் உப்புக்காற்றிலும் அமிலத்திலும் ஏற்கெனவே புண்பட்ட தோலும் இவர்களுடையதுதான்.

பட்டியல் இருந்தால் மட்டும் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். நான் படிக்கிறேன். ஒரு 100 கிராம் டியூபை எடுத்து உங்களுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

முதல் பெயர் அக்குவா. தண்ணீருக்கு லத்தீன். இரண்டாவது சோடியம் லாரெத் சல்ஃபேட். நுரை வருவதும் எண்ணெய்ப் பிசுக்கு போவதும் இதனால்தான். லாரில், லாரெத் என்று எது வந்தாலும் அதன் வேர் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி அதுதான். எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கும் தென்னையே வேறு வேடத்தில் டியூபுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் தேங்காய் என்றால் எதையும் நம்பிவிடுவோம். அது தெரிந்துதான் ‘தேங்காயிலிருந்து எடுத்தது’ என்று முன்பக்கத்தில் எழுதுகிறார்கள். தோலை வறட்டி எடுக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் தேங்காயிலிருந்தோ பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தோ வருவதுதான். அதைவிடச் சாதுவான கோகோ குளுக்கோசைடும் அங்கிருந்துதான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே குணமா இருக்கிறது?

மூன்றாவது கோகமிடோபுரோபைல் பீட்டைன். இதுவும் தென்னையின் பிள்ளைதான். லாரெத் சல்ஃபேட்டின் முரட்டுத்தனத்தைத் தணிக்கச் சேர்ப்பது. ஆனால் தயாரிக்கும்போது அதில் தங்கிவிடும் சில கசடுகள் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2004இல் இதை ‘அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. நான்காவது சோடியம் குளோரைடு. நம்முடைய கறியுப்புதான். புத்தளம் உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடப்பது. நீர்த்த லாரெத் சல்ஃபேட்டில் உப்பைச் சேர்த்தால் அது கெட்டிப்படும். பேஸ் வாஷ் கொழகொழவென்று தடித்து இருந்தால் சரக்கு அதிகம் என்று என் வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். பல நேரம் அது உப்பின் உபயம்.

இன்னொரு வகை டியூப் உண்டு, வெள்ளையாகக் கிரீம் போலப் பிதுங்கும், மெத்தை மெத்தையாக நுரை வரும். ‘இது சோப்பு அல்ல’ என்ற தோரணையிலேயே விற்கப்படுவது. பட்டியலைப் பார்த்தால் மிரிஸ்டிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம், அவற்றோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கொழுப்பு அமிலத்தோடு காரத்தைச் சேர்த்தால் என்ன வரும்? பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சோப்பு என்று சொல்லிவிடும். டியூபில் அடைத்த சோப்பு அது, அவ்வளவுதான். சோப்பு கெட்டது என்று சொல்லவில்லை, நானே சோப்புதான் போடுகிறேன். ஆனால் நம் தோல் லேசான அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். வறண்ட தோல்காரி சோப்பை விட்டுவிட்டு இந்த டியூபுக்கு மாறினால் முகம் முன்போலவே இறுகிக்கொண்டுதான் இருக்கும், ஏன் என்று அவளுக்குத் தெரியாது. மிரிஸ்டிக் என்ற பெயர் ஜாதிக்காயின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது, ஜாதிக்காயின் கொழுப்பில் அது நிறைய. அந்த மரமும் எங்கள் மலையோரத் தோட்டங்களில் நிற்கிறது.

அந்தக் கிரீமின் வெண்மைக்குப் பல நேரம் காரணம் டைட்டானியம் டையாக்சைடு. பட்டியலில் சி.ஐ. 77891 என்ற சாய எண்ணாக ஒளிந்திருக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் இருக்கும் இல்மனைட் என்ற தாதுவிலிருந்து எடுக்கக்கூடிய அதே வெள்ளைச் சாயம். என் கடையிலிருந்து அந்தக் கடற்கரை கூப்பிடு தூரம்தான். தேங்காய், உப்பு, ஜாதிக்காய், மணல் என்று எங்கள் மாவட்டத்தில் பாதி அந்த டியூபுக்குள் இருக்கிறது. அது எங்களுக்குத் தெரியக் கூடாதா?

பட்டியலின் கடைசிப் பகுதியை நான் இன்னும் கவனமாகப் படிப்பேன். ஃபினாக்ஸிஎத்தனால் என்று ஒரு பெயர் வரும். கெடாமல் காக்கும் பொருள். ஐரோப்பிய விதிப்படி அதன் உச்ச அளவே 1 சதவீதம். ஆகவே எனக்கு அது ஒரு மைல்கல். அந்தக் கல்லைத் தாண்டி நிற்பதெல்லாம் 1 சதவீதத்துக்குள்தான். வேம்பு, மஞ்சள், கற்றாழை, குங்குமப்பூ என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பவை பெரும்பாலும் இந்தக் கல்லுக்கு அப்பால், சில நேரம் வாசனைக்கும் பின்னால், கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வந்தவர்களைப்போல நிற்கின்றன. வேப்பிலையை நம்பி வாங்குகிறவளுக்கு இது தெரிந்தால் கிணற்றடியில் நிற்கும் வேம்பிலிருந்தே நாலு இலையைப் பறித்துக்கொள்வாள்.

போன மாதம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் கல்லூரியில் படிக்கிறாள், நெற்றி முழுக்கப் பரு. அம்மாவுக்கு வாயோரம் வெடித்திருந்தது. இருவரும் ஒரே டியூபைத்தான் போடுகிறார்களாம். இரண்டு பெரிய டியூப்களைக் காட்டி, “இதில் எது நல்லது?” என்று அம்மா கேட்டார். “யாருக்கு?” என்று கேட்டேன். ஒன்றில் சாலிசிலிக் அமிலம் 1 சதவீதம் என்று இருந்தது. அது எண்ணெயில் கரைவதால் பருத் துளைக்குள் போகும், மகளுக்கு ஆகும். ஆனாலும் அரை நிமிடத்தில் கழுவிவிடுவதால் பெரிய அற்புதத்தை எதிர்பார்க்காதே என்று அவளிடம் சொன்னேன். தங்கத் தூள், வைட்டமின் என்று போட்டிருப்பவற்றுக்கும் அதே அரை நிமிடம்தான். மற்றதில் இரண்டாவது பெயரே ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரின், அதற்கடுத்து சாதுவான டெசில் குளுக்கோசைடு, வாசனை இல்லை. அது அம்மாவுக்கு. பத்து நிமிட வேலை. பட்டியல் இருந்ததால் செய்ய முடிந்தது. அவர்கள் சின்ன டியூப் வாங்க வந்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் வானிலை பற்றித்தான் பேசியிருப்போம்.

சல்ஃபேட் இல்லை என்று எழுதியதைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள் இப்போது. அப்படி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். லாரெத் சல்ஃபேட்டின் இடத்தில் ஓலிஃபின் சல்ஃபோனேட் உட்கார்ந்திருந்தது. அது சல்ஃபேட் இல்லைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய்ப் பசையை வழித்தெடுப்பதில் அதற்கு இளைத்தது இல்லை.

எல்லா இரசாயனத்தையும் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கெமிக்கல் இல்லாத பேஸ் வாஷ் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களிடம், தண்ணீரும் கெமிக்கல்தான் என்று சொல்லி இரண்டு வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவள் நான். இயற்கையானதுதானே என்று எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் மீன் உலர்த்தப் போய் முகத்தில் கரும்பட்டை வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டும் இந்த ஊரில், ஈரக் குளியலறையில் மாதக் கணக்கில் கிடக்கும் டியூபில் கெடாமல் காக்கும் பொருள் இல்லாவிட்டால் பூஞ்சணம்தான் மிஞ்சும். அப்படிக் காக்கும் பொருள்களில் ஒன்றான பாரபென்னின் பெயரைக் கேட்டு எல்லோரும் பயந்து ஓடிய காலத்தில் அதற்கு மாற்றாகப் பரவியவற்றில் ஒன்றுதான் அவள் சீட்டில் இருக்கும் மெத்தில்ஐசோதயசோலினோன். 2013இல் அதே அமெரிக்கச் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பாவில், பூசி அப்படியே விடும் கிரீம்களில் அதற்கு இப்போது இடமில்லை. கழுவிவிடும் பொருள்களில் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டவளுக்கு, தெரிந்து விலகுவது ஒன்றுதான் வழி. மருத்துவர் சீட்டு எழுதியதும் அதற்காகத்தான்.

சீட்டின் இரண்டாவது வரி வாசனை. சில நிறுவனங்கள் லினலூல், லிமோனின் என்று பிரித்து எழுதுகின்றன, பல நிறுவனங்கள் பெர்ஃப்யூம் என்ற ஒரே சொல்லோடு கதவைச் சாத்திவிடுகின்றன. அந்த ஒரு சொல்லுக்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். மாறாமலையில் விளையும் எங்கள் கிராம்பு உலகத் தரம். அதன் மணத்துக்குக் காரணமான யூஜினால், ஐரோப்பிய ஒன்றியம் பெயர் சொல்லியே எழுத வேண்டும் என்று முதலில் வகுத்த 26 வாசனை ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று. கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினாலே எழுத வேண்டும். 2023இல் அந்த எண்ணிக்கையை 80க்கும் மேலாக உயர்த்திவிட்டார்கள். இயற்கையாக விளைந்தது என்பதால் கிராம்புக்கு அங்கே சலுகை இல்லை.

அடுத்தது மொழி. பொதியிட்ட பொருள்களின் மேல் இருக்க வேண்டிய விவரங்களை தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அல்லது ஆங்கிலத்திலோ எழுத வேண்டும், வேண்டுமானால் வேறு மொழியும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது 2011ஆம் ஆண்டு எடையளவு விதி. அது உங்கள் அமைச்சகம் அல்ல, நுகர்வோர் துறை என்று எனக்குத் தெரியும். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது, எங்களுக்கு இரண்டும் டெல்லிதான். ‘வேண்டுமானால்’ என்று விட்டதால் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. விளம்பர வாசகத்தைத் தமிழில் எழுதத் தெரிந்த நிறுவனங்களுக்குப் பட்டியலைத் தமிழில் எழுதத் தெரியவில்லை.

நான் இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம். தமிழ் பேசுகிறோம் என்பதற்காகவே போராடி, 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த மாவட்டம். அந்த அண்டி ஆபீஸ் பெண் தினமும் செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறவள். மெத்தில்ஐசோதயசோலினோன் என்று நான் தமிழில் எழுதிக் கொடுத்ததும் இரண்டு தடவை எழுத்துக்கூட்டி, மூன்றாம் தடவை தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டாள். பொருள் தெரிய வேண்டியதில்லை. சீட்டில் இருக்கும் பெயரும் டியூபில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று ஒப்பிடத் தெரிந்தால் போதும். மருந்துக் கடைக்காரனோ நானோ நடுவில் இல்லாமல் அவளே ஒப்பிட வேண்டும். நானும் வியாபாரிதானே, என்னை மட்டும் நம்பிக்கொண்டு அவள் ஏன் இருக்க வேண்டும்? எந்தச் சாமானைக் கேட்டாலும் “நல்ல சாமான்தான்” என்று சொல்லியே பல வருடம் ஓட்டியிருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது, முதலில் அந்த 60 மில்லி, 30 கிராம் விலக்கை எடுத்துவிடுங்கள். உண்மையாகவே இடமில்லாத 5 மில்லி சாஷேக்கு என்ன செய்வது என்று கேட்டால், ஐரோப்பாவில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மிகச் சின்னப் பொருள்களில் எழுத முடியாவிட்டால் கடையில் அந்தப் பொருள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பட்டியலை வைக்க வேண்டும். இங்கே சாஷேக்கள் சரம் சரமாக ஓர் அட்டைப் பெட்டியில்தான் வருகின்றன. அந்தப் பெட்டியின் வெளியே அச்சிட்டுக் கொடுத்தால் நான் மாட்டி வைக்க மாட்டேனா? க்யூஆர் கோடு போடுகிறோம் என்று தப்பித்துக்கொள்ள மட்டும் விடாதீர்கள். கூலி வாங்கிக்கொண்டு வருகிறவளின் போனில் சனிக்கிழமை சாயங்காலம் பெரும்பாலும் சார்ஜும் இருக்காது. இரண்டாவது, வாசனை என்ற ஒற்றைச் சொல்லைப் பிரித்து, ஒவ்வாமை தரக்கூடியவற்றின் பெயரையாவது எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, விற்கிற மாநிலத்தின் எழுத்தில் அந்தப் பெயர்கள் இருக்கட்டும். மொழிபெயர்க்க வேண்டாம், ஒலியை அப்படியே எழுதினால் போதும். ஒரு கிராம் என்ன விலை என்று பொதியின் மேல் அச்சிடும் விதி வந்தபோது முடியாது, முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இன்று என் கடையில் பல சாமானில் அது இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு அன்று எதையும் விற்கவில்லை. பச்சைப்பயறு மாவை மையாக அரைத்துச் சலித்து, வேறு எதையும் சேர்க்காமல், மெதுவாகப் பூசிக் கழுவச் சொன்னேன். ஒரு மாதத்தில் இமை தெளிந்துவிட்டது. ஆனால் காலையில் ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவள் மாவை அரைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? இப்போது மறுபடியும் கேட்கிறாள். அவள் வாங்கும் அதே நிறுவனத்தின் 100 கிராம் டியூபில் பட்டியல் இருக்கிறது, அதில் மெத்தில்ஐசோதயசோலினோனும் இல்லை, வாசனையும் இல்லை. அந்தப் பட்டியலை ஒரு அட்டையில் தமிழில் எழுதி, சின்ன டியூப்கள் தொங்கும் கம்பியிலேயே மாட்டினேன். மாட்டிய பிறகுதான் உறைத்தது. பெரிய டியூபில் உள்ள சரக்கையேதான் சின்ன டியூபிலும் அடைக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னது? நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு மூன்று தடவை பேசினேன், தொடர்புகொள்கிறோம் என்றார்கள். இதுவரை தொடர்புகொள்ளவில்லை. அட்டையை இறக்கி, அடியில் சிவப்பு மையில், “இது பெரிய டியூபின் பட்டியல், சின்னதில் என்ன இருக்கிறது என்று தெரியாது” என்று எழுதி மறுபடியும் மாட்டியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அவள் வருவாள்.

இப்படிக்கு,
திங்கள்சந்தையில் பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவள்